தொனொஸ்தியாவின் பழைய நகரம்: ஒரு பாரில் ஒரு வாய், அப்புறம் அடுத்த தெரு

ஸ்பெயினின் வடக்கே, பிரான்ஸ் எல்லையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கடல் வளைந்து ஊருக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது தொனொஸ்தியா. ஸ்பானிய மொழியில் இதே ஊருக்குச் சான் செபாஸ்தியன் என்று பெயர். இரண்டும் ஒன்றுதான். புனித செபாஸ்தியனை, தனி மொழி பேசும் இந்தப் பகுதியின் பாஸ்க் மக்கள் 'தொனெ செபாஸ்தியன்' என்று சொல்லிச் சொல்லித் தேய்த்ததில் தொனொஸ்தியா வந்தது. ஊரின் பழைய பகுதியைப் பாஸ்க் மொழியில் அல்தெ சஹர்ரா என்றும் ஸ்பானிய மொழியில் பார்த்தே வியேஹா என்றும் சொல்கிறார்கள். வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம். அந்தப் பத்து நிமிடத் தொலைவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கும்படி கேட்கிறேன். எப்படிச் செலவிடுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதல் முறை போன மாலையில் ஒரு பாருக்குள் நுழைந்து, காலியாக இருந்த மேசையைப் பிடித்து, தட்டில் ஆறு பண்டங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் எதிரே கல்லாவை ஒட்டி நின்ற ஐந்தாறு பேர், ஆளுக்கு ஒரு பண்டம், ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை, ஏழெட்டு நிமிடப் பேச்சு என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஒரு குழு வந்தது. அதுவும் கிளம்பியது. அப்போதுதான் புரிந்தது, இங்கே சாப்பாடு ஒரு கடைக்குள் முடிவதில்லை. தெருவோடு சேர்ந்துதான் முடிகிறது. மறுநாள் முதல் அவர்கள் நடப்பது போலவே நடந்தேன். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் எனக்குத் திறந்தது.

பார் என்பது இங்கே என்ன

'பார்' என்றதும் மங்கல் வெளிச்சமும் ஒதுக்குப்புறமும் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இங்கே பாட்டிகள் வருகிறார்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு இளம் பெற்றோர் வருகிறார்கள், அலுவலகம் முடிந்தவர் பையோடு வருகிறார். பட்டப்பகல் வெளிச்சம், கதவு திறந்தே இருக்கும். கல்லா மேசை நெடுக வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அல்லது இரண்டு வாய்க்கான பண்டம். அதுதான் பின்ச்சோ. குத்துவதற்கான முள் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். பண்டம் கலையாமல் இருக்க ஒரு பல்குச்சியைச் செருகி வைத்ததால் அப்படி ஆனது. இன்றைக்குப் பாதிப் பின்ச்சோக்களில் குச்சி கிடையாது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பாருக்குப் பார் நகர்ந்துகொண்டே சாப்பிடுவதற்குப் பொத்தெயோ என்றும் சிக்கித்தெயோ என்றும் பெயர் உண்டு. சிக்கித்தோ என்பது சின்னக் குவளை ஒயின். இதைச் செய்பவர் பெரும்பாலும் தனி ஆளாக இருக்க மாட்டார். கூட ஒரு குவாத்ரிலா இருக்கும். பள்ளிக்காலத்திலிருந்து, சில நேரம் அதற்கும் முன்பிருந்து, வாழ்நாள் முழுக்கத் தொடரும் நண்பர் வட்டம் அது. குழுவில் எல்லோரும் ஆளுக்கு இத்தனை யூரோ என்று ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொதுப்பணத்துக்கு 'போத்தே' என்று பெயர். அவர் ஒவ்வொரு பாரிலும் மொத்தமாகக் கொடுத்துவிடுவார். நீங்கள் நான்கு பேராகப் போனால் இதையே செய்யுங்கள். யார் என்ன சாப்பிட்டார் என்று கணக்குப் பார்த்து நிற்கும் நேரம் மிச்சம்.

எப்போது போவது

நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்து நான்கு மணிக்குப் போனால் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். பகல் சுற்று 12 மணிக்கு மேல் தொடங்கி 3 மணி வாக்கில் ஓயும். மாலைச் சுற்று 7 மணிக்கு மேல், உச்சம் 8 முதல் 10 வரை. நெரிசல் பிடிக்காதவர்கள் இரண்டு சுற்றுக்கும் தொடக்கத்திலேயே போய்விட வேண்டும். ஞாயிறு மாலையும் திங்களும் பல பார்கள் விடுமுறை, எனவே ஊரில் ஒரே ஒரு நாள் தங்குபவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. ஆகஸ்ட் நடுவில் ஊர்த் திருவிழா வாரம் வரும். வாணவேடிக்கை அழகுதான், ஆனால் பழைய நகரத்தில் முழங்கை ஊன்ற இடம் கிடைக்காது. எனக்குப் பிடித்தது மே, ஜூன், அக்டோபர்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பொடிப்பொடியாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு தூறல் விழும். சிரிமிரி என்கிறார்கள். குடையை விட, தலையை மூடும் மழைச்சட்டைதான் உதவும், ஏனென்றால் கூட்டம் நிறைந்த பாருக்குள் நனைந்த குடையை வைக்க இடமிருக்காது. தெருக்கல் ஈரத்தில் வழுக்கும், காலணியில் கவனம் வேண்டும்.

விமானத்தில் வருபவர்கள் பெரும்பாலும் பில்பாவோவில் இறங்குவார்கள். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர், விமான நிலையத்திலிருந்தே நேர்ப் பேருந்து உண்டு. தொனொஸ்தியாவின் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து, ஊருமெயா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. பாலம் கடந்து ஆற்றோரமாகக் கடலை நோக்கி நடந்தால் இருபது நிமிடத்துக்குள் பழைய நகரம்.

மனதில் ஒரு வரைபடம்

கைபேசியைப் பையில் போட்டுவிட்டு நடக்க இந்த நான்கு எல்லைகள் போதும். வடக்கே உர்குல் குன்று. மேலே கோட்டையும் ஒரு பெரிய இயேசு சிலையும் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். கிழக்கே ஊருமெயா ஆறு கடலில் சேரும் இடம். மேற்கே மீன்பிடித் துறைமுகம். தெற்கே புல்வார் என்ற அகலமான மரநிழல் சாலை. பழைய மதில் இருந்த கோட்டில்தான் அந்தச் சாலை போகிறது. 1863-இல் மதிலை இடித்து ஊரைத் தெற்கே விரித்தார்கள். அதனால் புல்வாரைத் தாண்டுகிற அந்த ஓர் அடியில் தெருவின் அகலமும் வெளிச்சமும் சட்டென்று மாறிவிடும்.

தெருப் பெயர்ப் பலகைகள் இரு மொழியில் இருக்கும். பாஸ்க் பெயரின் கடைசியில் 'கலேஆ' என்று வந்தால் தெரு. நாம் பெயரைச் சொல்லிவிட்டுத் தெரு என்று முடிப்பது போல அவர்களும் முடிக்கிறார்கள். பாஸ்க் மொழிக்கு உறவுமொழி என்று எதுவும் உலகில் நிறுவப்படவில்லை, தமிழோடும் அதற்கு உறவு கிடையாது. ஆனாலும் தமிழ்க் காதுக்கு அதன் இலக்கணம் அந்நியமாக ஒலிக்காது. 'எச்சே' என்றால் வீடு. எச்சேஆன் என்றால் வீட்டில், எச்சேரா என்றால் வீட்டுக்கு, எச்சேத்திக் என்றால் வீட்டிலிருந்து. வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பொது இடங்களில் ஒடுக்கப்பட்டிருந்த மொழி இது. பாருக்குள் நுழையும்போது 'கய்ஷோ' என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள். கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். நன்றிக்கு 'எஸ்கெர்ரிக் அஸ்கோ', விடைபெற 'அகுர்', எவ்வளவு என்று கேட்க 'செம்பாத் தா'. இந்த நான்கும் போதும், மற்றதை விரல் பார்த்துக்கொள்ளும்.

காலை: சாப்பிடுவதற்கு முன் இந்தத் தெருவைப் பாருங்கள்

பத்து மணிக்குத் தொடங்குங்கள். புல்வாரின் கிழக்குப் பக்கம் லா ப்ரெச்சா சந்தை. ப்ரெச்சா என்றால் உடைப்பு, மதிலில் விழுந்த உடைப்பு. காலையில் அக்கம்பக்கப் பண்ணைக்காரர்கள் சொந்தக் காய்கறியோடு வந்து உட்காருவார்கள். மீன் கடைகளில் ஹேக், கணவாய், சிலந்தி நண்டு, பருவத்தில் நெத்திலி. அவர்களுடைய நெத்திலி நம்முடையதை விடக் கொஞ்சம் பெரியது, கொழுப்பும் கூட. பகலில் தட்டில் வரப்போகும் பொருளை உயிர்ப்பு மாறாமல் பார்ப்பதற்கு இதுதான் இடம்.

அந்த உடைப்பின் கதை தெரியாமல் இந்தப் பகுதியை நடந்து பயனில்லை. 1808 முதல் ஊர் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை கையில் இருந்தது. 1813 ஆகஸ்ட் 31 அன்று, ஆற்றில் நீர் வடிந்திருந்த நேரம் பார்த்து, ஆங்கிலேய, போர்ச்சுகீசியப் படைகள் ஊருமெயாவைக் கடந்து மதிலின் உடைப்பு வழியே நுழைந்தன. ஊரை விடுவிக்க வந்த படைகள் அவை. உள்ளே வந்தவர்கள் கொள்ளையடித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், ஊர்க்காரர்களைக் கொன்றார்கள். தீ நாள்கணக்கில் எரிந்து கிட்டத்தட்ட ஊர் முழுவதையும் தின்றது. குன்றின் அடிவாரத்தில் இருந்த ஒரு தெருவில் மட்டும் சில வீடுகளும் இரண்டு தேவாலயங்களும் பிழைத்தன. செப்டம்பர் 8 அன்று, ஊருக்கு வெளியே சுபியேத்தா என்ற இடத்தில் மிஞ்சியவர்கள் கூடி, இதே இடத்தில் திரும்பக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள்.

பிழைத்த அந்தத் தெருவின் இன்றைய பெயர் ஆகஸ்ட் 31 தெரு. சந்தையிலிருந்து குன்றை நோக்கி நடந்தால் அதன் கிழக்கு முனைக்கு வந்துவிடுவீர்கள். முனையில் சான் விசென்தே தேவாலயம், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய கோதிக் கட்டடம், ஊரிலேயே பழைய தேவாலயம். மேற்கு முனையில் சாந்தா மரியா, 1743 முதல் 1774 வரை கட்டியது. முகப்பில் அம்பு பாய்ந்த செபாஸ்தியனைச் செதுக்கியிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மெதுவாக ஒரு முறை நடந்துவிடுங்கள், எந்தப் பாருக்குள்ளும் நுழையாமல். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31 இரவில் இந்தத் தெருவின் பால்கனிகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஊரின் புகழ்பெற்ற பார்கள் பலவும் இதே தெருவில்தான் இருக்கின்றன. மாலையில் இங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும்போது காலையில் நடந்த இந்த நடை நினைவில் இருக்கட்டும்.

சான் விசென்தேக்கு அருகில் சான் தெல்மோ அருங்காட்சியகம். 16-ஆம் நூற்றாண்டின் தொமினிக்கன் மடம், 1932-இல் அருங்காட்சியகம் ஆனது. 2011-இல் குன்றின் பாறையை ஒட்டி ஒரு புதிய கட்டடத்தைச் சேர்த்தார்கள். திங்கள் விடுமுறை. நேரம் குறைவென்றால் மடத்தின் பழைய தேவாலயத்துக்குள் மட்டும் போங்கள். சுவர் முழுக்க ஹோசே மரியா செர்ட் வரைந்த 11 பிரம்மாண்ட ஓவியங்கள், திமிங்கில வேட்டைக்காரர்கள், மாலுமிகள், இரும்பு உருக்குபவர்கள். தங்க நிறமும் செம்பழுப்புமாக, புகையில் தீட்டியது போல இருக்கும்.

அங்கிருந்து தெற்கே திரும்பினால் அரசியலமைப்புச் சதுக்கம், பிளாசா தெ லா கொன்ஸ்தித்துசியோன். மூன்று மாடிப் பால்கனிகளின் மேல் எண் எழுதியிருப்பதைப் பாருங்கள். இங்கே காளைச் சண்டை நடந்த காலத்தில் பால்கனிகளைப் பார்வையாளர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த எண்கள் இருக்கை எண்கள். தீக்குப் பிறகு ஊரை மறுபடி வரைந்தவர் உகார்த்தெமெந்தியா என்ற கட்டடக் கலைஞர். எண்கோணச் சதுக்கத்திலிருந்து தெருக்கள் விரியும் புதிய ஊர் ஒன்றை அவர் முன்வைத்தார். சொத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எரிந்த வீடு எங்கே இருந்ததோ அங்கேயே வேண்டும் என்றார்கள். இன்று நீங்கள் நடக்கும் தெருக்கோடுகள் பெரும்பாலும் தீக்கு முந்தையவையாக இருப்பதற்கு அந்தப் பிடிவாதம்தான் காரணம். நான் அவர்கள் பக்கம்.

பகல் சுற்று: உள்ளே போனதும் என்ன செய்வது

பன்னிரண்டரை. முதல் பாருக்குள் நுழைகிறீர்கள். கூட்டமாக இருக்கும், வரிசை என்று ஒன்று இருக்காது. இடைவெளி பார்த்துக் கல்லாவரை போய், பரிமாறுபவர் கண்ணில் படுமாறு நின்று, முதலில் குடிப்பதற்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். யார் முதலில் வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும், கை தட்டவோ குரல் உயர்த்தவோ வேண்டாம்.

கல்லா மேலிருக்கும் பண்டங்கள் ஆறியவை. சில இடங்களில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம், சில இடங்களில் அவர்கள் எடுத்துத் தருவார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று ஒரு கணம் பார்த்தால் தெரிந்துவிடும். அவசரப்பட்டு இவற்றால் தட்டை நிரப்பிவிடாதீர்கள். சுவரில் கரும்பலகை ஒன்று மாட்டியிருக்கும். சொன்ன பிறகு அடுப்பில் செய்து தரும் சூடான பின்ச்சோக்களின் பட்டியல் அது. அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வந்திருப்பார்கள்.

இனி இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம். ஒவ்வொரு பாருக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. ஒருவர் நெத்திலியில் கெட்டி, இன்னொருவர் காளானில், மற்றொருவர் வாட்டிய மாட்டிறைச்சியில். ஒரே இடத்தில் ஐந்தும் சாப்பிட்டால் ஒன்று சிறப்பாகவும் நான்கு சுமாராகவும் அமையும். அந்த ஒன்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அடுத்தவரின் அந்த ஒன்றுக்காக நடப்பதுதான் பொத்தெயோவின் கணக்கு. ஒரு சுற்றுக்கு நான்கு பார், அதிகம் போனால் ஐந்து. ஒரு பாரில் ஒரு பின்ச்சோ, ஒரு சின்னக் குவளை. மிகவும் பிடித்துப்போனால் இரண்டாவது, அதற்கு மேல் வேண்டாம்.

பகலுக்கு நான் சொல்லும் வழி இது. சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே பெஸ்காதெரீயா தெரு, அதாவது மீன்கடைத் தெரு. அங்கே சேபேச்சா. அது நெத்திலிக்கு மட்டுமே பெயர் வாங்கிய பார். வினிகரில் பதப்படுத்திய வெள்ளை நெத்திலியை வறுத்த ரொட்டித் துண்டின் மேல் வைத்து, அதன்மேல் சிலந்தி நண்டுக் கூழோ குடைமிளகாயோ ஆலிவோ வைத்துத் தருவார்கள். நெத்திலியைக் குழம்பிலும் வறுவலிலும் மட்டுமே அறிந்த நாக்குக்கு இது புதிய செய்தி. அதே தெருவில் நெஸ்தோர். அங்கே உருளைக்கிழங்கு ஆம்லெட்டை, தோர்த்தியா என்பார்கள், பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்றுதான் செய்கிறார்கள். முன்கூட்டியே போய்ப் பெயர் கொடுத்தவர்களுக்குத்தான் ஒரு துண்டு. பெயர் கொடுக்கத் தவறியவர்கள் வருந்த வேண்டாம், உப்பும் எண்ணெயும் மட்டும் தெளித்த தக்காளித் தட்டு அங்கே உண்டு. நல்ல பருவத்துத் தக்காளிக்கு வேறு எதுவும் தேவையில்லை என்று அந்தத் தட்டு காட்டிவிடும்.

பிறகு சான் ஹெரோனிமோ தெருவில் கன்பாரா. கல்லாவில் காட்டுக் காளான்களைக் குவித்து வைத்திருப்பார்கள். வதக்கி, நடுவில் ஒரு பச்சை முட்டைக் கருவை வைத்துத் தருவார்கள். சூட்டில் கருவைக் கலந்து சாப்பிட வேண்டும். விலை மற்றவற்றை விட அதிகம், இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். துறைமுகத்தை நோக்கிப் போகும் புவெர்த்தோ தெருவில் லா மெஹியோனேரா, மலிவு, சத்தம், இளைஞர் கூட்டம், தட்டு நிறைய மட்டிச் சிப்பி. பார்கள் மூடலாம், கைமாறலாம், எனவே அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கடைசியில். என்னென்ன சாப்பிட்டோம் என்று நீங்களே சொல்ல வேண்டும், அவர் மனதில் கூட்டிச் சொல்வார். அத்தனை நெரிசலில் அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் சொல்வதை நம்புகிறார். இந்த ஏற்பாடு இத்தனை காலம் நின்றிருப்பது எல்லோரும் சரியாகச் சொல்வதால்தான். எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தவறாதீர்கள். சிலர் சூடான பண்டத்துக்கு முதலிலேயே பணம் கேட்பார்கள், அதில் தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. டிப்ஸ் கட்டாயமில்லை. சில்லறையை விட்டுவிட்டு வரலாம்.

குவளையில் என்ன

இந்தக் கடற்கரையின் சொந்த ஒயின் சாக்கொலி. மேற்கே கெத்தாரியா ஊரைச் சுற்றிய சரிவுகளில் ஹொந்தார்ராபி சூரி என்ற பச்சைத் திராட்சையிலிருந்து வருகிறது. லேசாக நுரைக்கும், புளிக்கும், உப்புக் காற்று பட்டது போல இருக்கும். பரிமாறுபவர் புட்டியை உயரத் தூக்கி, கீழே குவளையில் ஊற்றுவார். ஊற்றும்போது காற்றுப் பட்டு வாசம் எழும், அதற்குத்தான் அந்த உயரம். நெத்திலிக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் அறிந்ததில்லை. பீர் கேட்பவர்கள் 'சுரித்தோ' என்று கேளுங்கள், சின்ன அளவில் வரும். வழக்கமான அளவில் வாங்கினால் மூன்றாவது பாரிலேயே வயிறு நிறைந்துவிடும். இறைச்சிக்கு ரியோஹா சிவப்பு ஒயின். ஆப்பிள் சாறை நொதிக்கவைத்த சகார்தோ இன்னொன்று. ஜனவரி முதல் வசந்தம் வரை பக்கத்து ஊர்களான அஸ்திகார்ராகாவிலும் எர்னானியிலும் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துக் குடிக்கும் பருவம். அது தனிப் பயணத்துக்கு உரியது.

மது அருந்தாதவர்கள் 'மோஸ்தோ' கேளுங்கள். நொதிக்காத திராட்சைச் சாறு, குளிரவைத்து ஒயின் குவளையிலேயே தருவார்கள். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கில்டா

கல்லாவில் எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும்: ஒரு பல்குச்சியில் பச்சை ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, இபார்ரா ஊரின் ஊறப்போட்ட மெல்லிய பச்சை மிளகாய். இதற்குப் பெயர் கில்டா. 1946-இல் வந்த, ரீட்டா ஹேவொர்த் நடித்த அதே பெயருள்ள படத்திலிருந்து எடுத்தது. அந்தக் கதாபாத்திரத்தைப் போலவே இதுவும் பச்சை (ஸ்பானிய மொழியில் கொஞ்சம் கிளுகிளுப்பு என்றும் பொருள்), உப்பு, கொஞ்சம் காரம் என்று சொல்வார்கள். இது பிறந்த இடம் பழைய நகரத்துக்குள் இல்லை, புல்வாருக்குத் தெற்கே, மேய்ப்பர் பேராலயத்துக்குப் பக்கத்தில் உள்ள காசா வய்யேஸ் என்ற பார். மிளகாயின் காரம் நமக்குக் காரமே இல்லை, புளிப்பும் மணமும்தான். ஒரே வாயில் முழுவதையும் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்துக் கடித்துத் தின்றால் மூன்றும் கலக்காது. சுற்றின் முதல் பண்டமாக இதைச் சாப்பிடுங்கள், பசி கிளம்பும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

நேராகச் சொல்லிவிடுகிறேன், கடினம்தான். ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 'சின் கார்னே', இறைச்சி இல்லாமல், என்று மட்டும் கேட்டால் பன்றித்தொடை வற்றலோ சூரை மீனோ வந்துவிடக்கூடும், ஏனென்றால் பலர் அவற்றை 'இறைச்சி' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. சின் கார்னே, சின் பெஸ்காதோ (மீன் இல்லாமல்), சின் ஹமோன் (பன்றித்தொடை வற்றல் இல்லாமல்) என்று மூன்றையும் அடுக்கிச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்குத் தோர்த்தியாவும் காளானும் இருக்கின்றன. பொரித்துக் கல்லுப்புத் தூவிய சின்னப் பச்சைக் குடைமிளகாய், தக்காளித் தட்டு, ஆலிவ் எல்லா நாளும் கிடைக்கும். இதியாசாபால் என்ற செம்மறிப்பால் சீஸ் இந்த மண்ணின் பெருமை. ஆனால் அதை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியைச் சேர்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். மாடும் பன்றியும் தவிர்ப்பவர்களுக்கு மீன், கணவாய், இறால் வகைகளே போதும் போதும் என்னும் அளவுக்கு உண்டு.

மூன்று மணிக்குப் பிறகு

பார்கள் ஓய்கின்றன. நீங்களும் ஓய்வெடுக்கலாம், அல்லது உர்குல் குன்று ஏறலாம். சாந்தா மரியாவின் பின்னாலிருந்தே பாதை தொடங்குகிறது. உயரம் 123 மீட்டர்தான், நிதானமாக ஏறினால் அரை மணி. வழியில் மரங்களுக்கு நடுவே ஆங்கிலேயர் கல்லறை, ஸ்பெயினின் அரியணைக்காக 1830-களில் நடந்த கார்லிஸ்ட் போரில் இறந்த வீரர்களுக்கானது. கோட்டையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் லா கொஞ்சா கடற்கரையின் சிப்பி வளைவு, இன்னொரு பக்கம் பழைய நகரத்தின் ஓட்டுக்கூரைகள். கடல் கொந்தளிக்கும் நாள் என்றால் ஏற வேண்டாம், குன்றைச் சுற்றிப் போகும் பசேயோ நுயேவோ பாதையில் நடந்து அலை மோதுவதைப் பாருங்கள். காற்று மிகுந்த நாள்களில் அந்தப் பாதையையே மூடிவிடுவார்கள்.

பூட்டிய கதவுகள்

தெருக்களில் நடக்கும்போது கடைப்பலகை இல்லாத, உள்ளே வெளிச்சமும் சமையல் வாசமும் வரும் கதவுகளைக் கவனித்திருப்பீர்கள். அவை உணவுச் சங்கங்கள். உறுப்பினர்கள் சாவி வைத்திருப்பார்கள். தாங்களே சந்தையில் வாங்கி, தாங்களே சமைத்து, நண்பர்களோடு சாப்பிட்டு, எடுத்த ஒயினையும் எண்ணெயையும் தாங்களே தாளில் எழுதிப் பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். பார்க் கல்லாவில் உங்களை நம்பிய அதே பழக்கம்தான். உனியோன் அர்த்தெசானா என்ற சங்கம் 1870-இல் தொடங்கியது. நெடுங்காலம் இவை ஆண்களுக்கு மட்டுமானவை. பெண்கள் விருந்தினராக வரலாம், அடுப்பைத் தொடக் கூடாது என்ற விதி பல இடங்களில் இருந்தது. அது மாறிவருகிறது, போதிய வேகத்தில் மாறவில்லை என்பது என் எண்ணம். உறுப்பினர் ஒருவர் அழைக்காமல் உள்ளே போக வழியில்லை. யாராவது அழைத்தால், எந்தத் திட்டத்தையும் கைவிட்டுவிட்டுப் போங்கள்.

இந்தச் சங்கங்களை வெளியே பார்க்க ஒரு நாள் உண்டு. ஜனவரி 19 நள்ளிரவில் அரசியலமைப்புச் சதுக்கத்தில் கொடி ஏறும். அடுத்த 24 மணி நேரம் ஊர் முழுக்க முரசு. ஒரு பாதி நெப்போலியன் காலப் படைவீரர் உடையில், மறுபாதி வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் கட்டிய சமையல்காரர்களாக. தம்பொர்ராதா என்ற திருவிழா. ஊரை எரித்த போர்க்கால உடையையும் ஊருக்குச் சோறுபோடும் உடையையும் ஒரே தாளத்தில் நடக்கவிடும் மக்கள் இவர்கள்.

மாலைச் சுற்று

ஏழரைக்குத் தொடங்கி இந்த முறை சூடானவற்றுக்கு மட்டும் இடம் வைத்துக்கொள்ளுங்கள். பெர்மின் கால்பெத்தோன் தெருவில் போர்தா பெர்ரி. கல்லாவில் ஒரு தட்டுகூட இருக்காது, எல்லாம் பலகையிலிருந்து. சிவப்பு ஒயினில் மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டுக் கன்னத்தசை கரண்டி பட்டதும் பிரியும். இதியாசாபால் சீஸில் குழைய வேகவைத்த அரிசி வடிவப் பாஸ்தாவும் நன்று. அங்கிருந்து ஆகஸ்ட் 31 தெருவுக்கு ஏறினால் கந்தாரியாஸ், ரொட்டித் துண்டின் மேல் வாட்டிய மாட்டு முதுகுத்தசை, கல்லுப்பு, ஒரு துண்டு பச்சை மிளகாய். அருகே ஒரு சந்துக்குள் லா குச்சாரா தெ சான் தெல்மோ. இடம் சிறியது, வெளியே நின்று சாப்பிடுவீர்கள்.

நல்ல பாரை அடையாளம் காண நான் பார்ப்பது மூன்று. பலகையில் பட்டியல் குட்டையாக இருக்கிறதா, உள்ளூர்க்காரர் குரல் கேட்கிறதா, கல்லாவில் உள்ளது தீரத் தீரக் கொஞ்சமாகச் செய்து வைக்கிறார்களா. மலை போல் குவித்து, படத்தோடு பல மொழியில் அட்டை வைத்திருக்கும் இடத்தைக் கடந்து போய்விடுவேன். சுற்றுலாக் கூட்டம் பெருகி, வாடகை ஏறி, இங்கேயே பிறந்த கொஷ்கெரோக்கள், பழைய நகரத்துக்காரர்களை அப்படித்தான் அழைப்பார்கள், வேறு பகுதிகளுக்குப் போகிறார்கள். மாடியில் இன்னும் குடும்பங்கள் தூங்குகின்றன. பத்தரைக்கு மேல் தெருவில் குரலைத் தாழ்த்துங்கள், வீட்டு வாசற்படியில் உட்காராதீர்கள், குவளையை ஜன்னல் விளிம்பில் விட்டுவிடாதீர்கள். உண்மையில் அந்த ஊரை நேசிப்பவர்களால் செய்ய முடிந்த சின்ன உதவிகள் இவை.

கடைசி நிறுத்தம் லா வீன்யா, ஆகஸ்ட் 31 தெருவிலேயே, சாந்தா மரியாவுக்குப் பக்கத்தில். மேலே கருகக் கருகச் சுட்டு நடுவில் குழைவாக விட்ட சீஸ் கேக் இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. அடியில் பிஸ்கட் கிடையாது. சுடச் சுடக் காகிதம் கசங்கிய வட்டங்கள் அலமாரியில் ஆறிக்கொண்டிருக்கும். ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும். இதுவரை சொன்ன விதியை மீறி, இடம் கிடைத்தால் இங்கே மட்டும் உட்காரலாம்.

வெளியே வந்ததும் சாந்தா மரியாவின் படிக்கட்டில் ஏறி, முதுகைக் கதவுக்குக் காட்டி நில்லுங்கள். எதிரே பெரிய தெரு, காய்யே மாயோர், நேர்கோடாகப் போகிறது. அதன் கோடியில், புல்வாரையும் தாண்டி, 75 மீட்டர் உயர மேய்ப்பர் பேராலயத்தின் கூர்கோபுரம் விளக்கில் நிற்கும். உங்கள் விடுதி நகரத்தின் நடுப்பகுதியில் இருந்தால் வழி கேட்க வேண்டாம். அந்தக் கோபுரத்தைப் பார்த்தபடியே நடங்கள்.